இரண்டிலிருந்து மூன்றுக்கு

செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகமாட்டேன் என்று எங்கள் ரேஸ் கார் அடம் பிடிக்கிறது. இன்று டிராக்கில் பன்னிரண்டு சுற்று ஓடியதில் ஐந்து முறை. கரகரவென்று ஒரு சத்தம், என்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது, கியர் உள்ளே இறங்குவதில்லை. அதே வண்டியை நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. முழு ஆக்சிலேட்டரில் மட்டும்தான் இந்தச் சண்டித்தனம்.

முழு ஆக்சிலேட்டரில் கியர் மாற்றும் ஏற்பாடு நான் செய்தது. ஊரில் எல்லோரும் ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சை அமுக்கி, கியரை மாற்றி, மறுபடி ஆக்சிலேட்டரை அமுக்குவார்கள். எங்கள் வண்டியில் வலது கால் எடுக்கவே வேண்டாம், அமுக்கியபடியே இருக்கலாம். இடது கால் கிளட்சை வெட்டி அமுக்கினால் பெடலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் அழுந்தும். கம்ப்யூட்டர் அந்தக் கணம் மட்டும் என்ஜினை நிறுத்திப் பிடிக்கும். அதற்குள் கியர் விழுந்துவிடும். இரண்டு வருடமாக ஒரு நாளும் தப்பியதில்லை. கோயமுத்தூர் கணபதியில் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்து இதைச் செய்து முடித்தேன் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைப்பானேன்.

28ஆம் தேதி சீசனின் கடைசி ரேஸ். ஓட்டுவது என் கணவர் திருமூர்த்தி. மூன்று பாயிண்ட் பின்னால் இருக்கிறார். பதினேழு வருடமாக ஓட்டுகிறார், நான்கு தடவை இரண்டாம் இடம், ஒரு தடவைகூட சாம்பியன் இல்லை. வயது நாற்பத்திரண்டு. "இந்த வருசம் விட்டா அவ்வளவுதான் அம்மிணி" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது எங்கள் ஒர்க்ஷாப் சட்டம். இரண்டை மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று கடவுளுக்கும் தெரியாது. அதனால்தான் தேதி போட்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் இவர் என் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். பைக்கை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டாராம். நாளெல்லாம் கியர் போட்டுச் சலித்துவிட்டதாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

கிளட்ச் ஆயில் மாற்றி, குழாயில் சிக்கிய ஏரை வெளியே எடுத்தோம். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் பிடிக்க வேண்டும். எப்போதும் மிதிப்பது இவர், படுப்பது நான். இன்றைக்கு இவரே அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு, "நீ மேல உக்காரு, உனக்கு முதுகு வலிக்கும்" என்றார்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் என் முதுகைப் பற்றி இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. பரவாயில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

கியரில் மாற்றமில்லை.

செப்டம்பர் 6, சனி

என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன். பயனில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கியர் பாக்ஸை இறக்கி உக்கடம் யூசுப் பாயிடம் கொண்டுபோனோம். கோயமுத்தூரில் கியர் பாக்ஸ் என்றால் பாய்தான். பல்லைத் தடவிப் பார்த்தே அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று சொல்வார்.

மூன்றாவது கியரின் ரிங்கை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, ரிங்கு கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆனா இது அடி வாங்குன ஆளு, அடிச்ச ஆளு இல்ல. ரிங்க மாத்தித் தர்றேன், அதையும் ஒரு வாரத்துல தேச்சுக் கொண்டாருவீங்க. கோளாறு வேற எங்கியோ இருக்குது."

கிளம்பும்போது இவர் முன்னால் நடந்தார். பாய் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மாப்ள ஏன் காலைத் தேச்சு நடக்கறாப்ல?" என்றார்.

"புது ஷூ பாய், கடிக்குது" என்றேன்.

அந்த ஷூ வாங்கி எட்டு மாதமாகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

கியர் பாக்ஸை மாட்டினோம். நாள் முழுக்க அதே வேலை. மதியம் யாருக்கும் பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு மூன்று பரோட்டா சாப்பிட்டோம்.

வீட்டில் பரண்மேல் இருக்கும் பெரிய குண்டாவை எடுத்துத் தரச் சொன்னேன். எட்டவில்லை என்றார். ஆறடி மனிதர், ஒவ்வொரு தீபாவளிக்கும் குதிகாலைத் தூக்கி அனாயாசமாக எடுப்பவர், ஸ்டூலைத் தேடிக்கொண்டு போனார். வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று கேலி செய்தேன். இவரும் சிரித்தார்.

செப்டம்பர் 13, சனி

டிராக். முதல் நான்கு சுற்று நன்றாக இருந்தது. அப்புறம் பழைய குருடி கதைதான்.

லேப்டாப்பில் பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். கிளட்ச் பெடல் எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஒரு சென்சார் எண்ணாகக் காட்டும். தரையைத் தொட்டால் நூறு. சுவிட்ச் அழுந்துவது எண்பத்தைந்தில். இன்று நான்காவது சுற்றிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றிய இடங்களில் பெடல் போன தூரம்: 86, 84, 79, 77, 72.

எண்பத்தைந்தைத் தொடாததால் சுவிட்ச் அழுந்தவில்லை. சுவிட்ச் அழுந்தாததால் என்ஜின் நிற்கவில்லை. அதனால்தான் கத்துகிறது. கோளாறு எங்கே என்று பத்து நாளில் கண்டுபிடித்துவிட்டேன்.

சென்சார் பொய் சொல்கிறது. மாற்றிவிட வேண்டியதுதான்.

செப்டம்பர் 15, திங்கள்

புது சென்சார் போட்டாயிற்று. ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்தி நானே உட்கார்ந்து பெடலை வெட்டி வெட்டி அமுக்கினேன். இருபது தடவை. இருபது தடவையும் நூறு. நானோ ஐந்தடி ஓரங்குலம், சீட்டின் நுனியில் உட்கார்ந்து.

அப்படியென்றால் பெடலில் குறையில்லை. ஆயிலில் இல்லை. பாக்ஸில் இல்லை. சென்சாரிலும் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் மாற்றாமல் மிஞ்சி நிற்பதுதான் கோளாறு. இது எனக்கு டிப்ளமா படிக்கும்போதே தெரியும்.

பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். எடுத்திருக்க வேண்டாம். மார்ச்சில் 98. ஜூனில் 95. ஜூலையில் 91. ஆகஸ்ட் கடைசியில் 86.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கீரை வாங்கப் போனேன். அரைக்கீரை கட்டு பெரிதாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காபி கொடுக்கும்போது கேட்டேன். "ஏனுங்க, காலு ஏதாச்சும் வலிக்குதுங்களா?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதானுங்க."

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நீ வண்டியப் பாரு அம்மிணி. என்னைய ரேஸ் முடிஞ்சு பாத்துக்கலாம்."

வலி இல்லை என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்கு ஒரு வண்டி பாரம் இறங்கியதுபோல இருந்தது. வலி இல்லையென்றால் கால் நன்றாகத்தானே இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். இவர் டயர் வாங்கப் போயிருந்தார். கிளட்ச் பெடலுக்கு அடியில் இருக்கும் சுவிட்சைக் கழற்றி மேலே ஏற்றி வைத்தேன். எண்பத்தைந்தில் அழுந்தியது இனி அறுபத்தைந்திலேயே அழுந்தும். பெடல் தரைவரை போக வேண்டியதில்லை.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று நான் சொல்ல வேண்டும்.

வண்டியில் கோளாறு என்றால் நான் சரி செய்துவிடுவேன். எந்தக் கோளாறாக இருந்தாலும், தூங்காமல் கிடந்தாவது சரி செய்துவிடுவேன். இது வண்டியில் இருக்கும் கோளாறாகவே இருந்துவிடட்டும் என்று பத்து நாளாக எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் ஆறு சுற்று. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ரேடியோவில் இவர் சிரித்தார். "அம்மிணி, கண்டுபுடிச்சுட்டியே! வெண்ணெயாட்டம் போகுது!" என்று கத்தினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. பக்கத்து டீம்காரர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தேன்.

ஏழாவது சுற்றில், வலது வளைவை விட்டு வெளியே வரும்போது, மூன்றாவது கியர். சுவிட்ச் அழுந்தியது, என்ஜின் நின்றது, எல்லாம் நான் வைத்தபடியே நடந்தது. ஆனால் பெடல் அறுபத்தாறு வரைதான் போயிருந்தது. அந்தத் தூரத்தில் கிளட்ச் முழுசாக விடாது. நின்ற என்ஜின் ஓடுகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டி அந்த இடத்திலேயே சுழன்றது. இரண்டு சுற்று சுழன்று, ஜல்லிக்குள் இறங்கி, டயர் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

நான் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"என்ற தப்பு அம்மிணி" என்றார். "கியரு விழுந்துருச்சுன்னு நெனச்சுட்டேன். நீ இவ்வளவு கஷ்டப்பட்டு செரி பண்ணிக் குடுத்த வண்டிய…"

மன்னிப்புக் கேட்கிறார், என்னிடம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியம் இவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"சுவிட்ச நான் மேல ஏத்தி வெச்சுட்டேனுங்க. நீங்க டயர் வாங்கப் போயிருந்தப்ப."

வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது. "எவ்வளவுக்கு?"

"அறுவத்தஞ்சு."

"எதுக்கு?"

"உங்க காலு அதுக்கு மேல போகலீங்க."

நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். என்னால் அந்தச் சுவரில் மோதியிருப்பார். இவர் மேடையைப் பிடித்து எழுந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, வலது காலை மடக்கிக்கொண்டு, இடது காலின் குதியைத் தரையிலிருந்து தூக்கப் பார்த்தார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. குதிகால் ஒரு நூல்கூட எழும்பவில்லை.

"ஜூன்லயே தெரியும்" என்றார். "வலி இல்ல. பலந்தான் இல்ல. மெதுவா அமுக்குனா தொடைய வெச்சுத் தள்ளீருவேன். வேகமா வெட்டறப்ப பாதம் பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னுங்க?"

"நீ ஒண்ணொண்ணா மாத்திட்டே வந்தியா… ஒருவேள வண்டிதானோன்னு நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன். நீ அவ்வளவு உறுதியா இருந்த."

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒன்றையே தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் வண்டியைப் பழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. இவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாயிற்று. இடுப்பருகே முதுகெலும்பில் ஒரு ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். படத்தில் பேனாவை வைத்துக் காட்டினார்.

"நாலு மாசமா இருந்திருக்கு. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிடறது நல்லது. தள்ளத் தள்ள நரம்பு செத்துட்டே போகும். இப்பப் பண்ணாலும் முழுசா திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"இருவத்தெட்டாந்தேதி ஒரு வேல இருக்குதுங்க. முடிச்சுட்டுத் திங்கக்கெழமை வந்தர்றேன்" என்றார் இவர், ஏதோ பேங்குக்குப் போவதுபோல.

"அஞ்சு நாள்ல என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆகாமயும் இருக்கலாம். உங்க முடிவு."

வரும் வழியில் சண்டை. ஆக்சிலேட்டரை விட்டு விட்டுப் பழைய மாதிரியே கியர் மாற்றி ஓட்டுகிறேன் என்றார். அப்படி ஓட்டினால் சுற்றுக்கு முக்கால் நொடி போகும், மூன்றாம் இடம்கூடக் கிடைக்காது என்றேன். பரவாயில்லை, ஓட்டினால் போதும் என்றார்.

"நான் வண்டிய ஒர்க்ஷாப்ப விட்டு வெளிய எடுக்க விடமாட்டேனுங்க."

"என்ற வண்டி அது."

"உங்க வண்டிதான். சாவி எங்கிட்ட இருக்குது."

சிங்காநல்லூர் சிக்னலிலிருந்து வீடுவரை பேசவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பேசவில்லை. ரசம் கேட்டு மட்டும் டம்ளரை நீட்டினார்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் நான் ஒர்க்ஷாப்புக்குப் போனபோது இவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டெல்லாம் போட்டு, ரேஸ் ஷூ மாட்டிக்கொண்டு.

"லேப்டாப்பை எடு" என்றார். "நான் வேகமா அமுக்கறேன். நம்பரை மட்டும் படி. ஒண்ணக்கூடக் கூட்டிச் சொல்லாத."

எடுத்தேன். கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அறுவத்தொண்ணு."

மறுபடி அமுக்கினார்.

"அம்பத்தெட்டு." "அம்பத்தெட்டு." "அம்பத்தாறு."

ஒவ்வொரு தடவையும் தோள்வரை உடம்பு முன்னால் போய் வந்தது. சீட் கிறீச்சிட்டது. எனக்குப் போதும் என்று சொல்லத் தோன்றியது. படிக்கச் சொன்னார், படித்தேன். பத்தாவது தடவை ஐம்பதுக்குக் கீழே போனது. அதையும் படித்தேன்.

இருபதாவதுக்கு அப்புறம் காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார். முன்னால் எங்கள் கொட்டகையின் தகரச் சுவரும் ஒரு பழைய காலண்டரும்தான் இருந்தன.

"போனைக் குடு."

ரேஸ் அமைப்பாளருக்கு அவரே பேசினார். "திருமூர்த்தி பேசறனுங்க. ஞாயித்துக்கெழமைக்கு என்ற பேரை எடுத்துருங்க. இல்லீங்க, வண்டி நல்லா இருக்குதுங்க. வண்டி ரொம்ப நல்லா இருக்குது. எனக்குத்தான் காலு செரியில்ல."

முதல் தடவையாக அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னார். நான் போய் அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கிரீஸ் கையோடு நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆபரேஷன். இரண்டரை மணி நேரம். நன்றாக முடிந்தது என்றார்கள். மருத்துவமனை கேன்டீன் உப்புமாவை மனிதர் சாப்பிட முடியாது.

செப்டம்பர் 27, சனி

டாக்டரம்மா வந்து பாதத்தின் அடியில் கையை வைத்து, "கிளட்ச் மாதிரி அமுக்குங்க பாப்போம்" என்றார். இவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அமுக்கினார். டாக்டரம்மா அட்டையில் எழுதிக்கொண்டு போனார்.

"நீ வெச்சுப் பாரு" என்றார் இவர்.

அவர் பாதத்துக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். நெற்றி சுருங்கியது. என் கையில் எதுவும் தெரியவில்லை. பாதத்தின் சூடு மட்டும் தெரிந்தது.

"எப்படி?"

கொஞ்சம் தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பெண்டாட்டியும் சொல்லியிருப்பாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். நான் வராந்தாவுக்குப் போய், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்று நன்றாக அழுதுவிட்டு, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்று மணிக்கு ரேஸ். இரண்டு பேர் போனையும் அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். இவரும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். மூன்றே கால் வாக்கில் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், இரண்டு சுளை சாப்பிட்டார்.

நாலு மணி இருக்கும். போர்வையை விலக்கி இடது பாதத்தை வெளியே நீட்டினார். கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தேன்.

அமுக்கினார்.

என் ஆசைதான் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று பயமாக இருந்தது. "இன்னொருக்கா அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். "இன்னொருக்கா." மூன்று தடவையும் பார்த்தேன். மூன்று தடவையும் என் கை பின்னால் போனது.

"சொல்லு" என்றார். "பத்துக்கு எவ்வளவு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதானுங்க. நேத்து அதுவும் இல்ல."

இவருக்குத் தெரியும், நேற்று இல்லை என்று சொன்னவள்தான் இன்று ஒன்று என்கிறாள். அதனால் அந்த ஒன்றை அப்படியே நம்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது, உதடு சிரித்தது.

"கையை எடுக்காத" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அமுக்கினார்.